குளக்கட்டு வழியே சைக்கிள்: வாசகர் கேள்வி – பதில்

ஏ9 வீதியில் பஸ்ஸுக்கும் டிப்பருக்கும் ஒதுங்கி ஒதுங்கிச் சலித்தவர்களிடமிருந்து இம்முறை நிறையக் கேள்விகள். வாகனமே இல்லாத வீதி என்று வன்னியில் எதையும் சத்தியம் பண்ணிச் சொல்ல முடியாது. ஆனால் குளமும் வாய்க்காலும் எங்கெல்லாம் ஓடுகின்றனவோ, அங்கெல்லாம் அவற்றை ஒட்டி ஒரு கிறவல் வழியும் ஓடுகிறது. பதில்களில் பெரும்பாலானவை அந்த வழிகளைப் பற்றியவை.

கிளிநொச்சி நகருக்குப் பக்கத்தில், பிரதான வீதியைத் தொடாமல் 25, 30 கிலோமீற்றர் ஓட ஏதாவது வழி உண்டா?
– அரச ஊழியர், கிளிநொச்சி

கிட்டத்தட்ட உண்டு. வன்னியிலேயே சைக்கிளுக்கு மிக வசதியான இடம் உங்களுடையதுதான். காரணம் இரணைமடு. அந்தக் குளத்திலிருந்து இடதுகரை, வலதுகரை என இரண்டு பெரிய வாய்க்கால்கள் பிரிகின்றன. நகரும் உருத்திரபுரமும் இடதுகரைப் பக்கம். வட்டக்கச்சி, இராமநாதபுரம், முரசுமோட்டை வலதுகரைப் பக்கம். நீர் மெல்ல இறங்கிப் போக வேண்டும் என்பதால் வாய்க்காலை மேடு பள்ளம் இல்லாமல் வெட்டுவார்கள். அதைப் பராமரிக்கப் போட்ட வழியும் அப்படியே சமதளமாக இருக்கும். கியர் இல்லாத சைக்கிளே போதும்.

முதல் சுற்று: நகரிலிருந்து தெற்கே இரணைமடுச் சந்தி வரை ஏ9இல்தான் போக வேண்டும், ஏறத்தாழ 5 கிலோமீற்றர். அதைக் காலை ஆறரைக்குள் முடித்துவிடுங்கள். சந்தியில் கிழக்கே திரும்பிக் குளக்கட்டுக்கு. கட்டின் மேல் வாகனத் தடைப் பலகையோ கேற்றோ இருந்தால் வாதாடாமல் நீர்ப்பாசனத் திணைக்கள ஊழியரிடம் கேளுங்கள். விடாவிட்டால் கட்டின் அடிவாரத்து வழியைப் பிடியுங்கள். பிறகு வலதுகரை வாய்க்காலோடு வடக்கே இறங்கி வட்டக்கச்சி, அங்கிருந்து பன்னங்கண்டிப் பக்கமாக நகருக்கு. நின்று பார்த்து வந்தாலும் மூன்று மணித்தியாலம் தாராளம்.

இரண்டாவது, இன்னும் எளிது: கரடிப்போக்குச் சந்தியில் மேற்கே திரும்பி உருத்திரபுரம் சிவன் கோயில் வரை போய், வயல் வீதிகளால் திரும்புவது. சிறுவர்களோடு போகவும் ஏற்றது.

வயல் வீதிகளில் எல்லாச் சந்தியும் ஒரே மாதிரித்தான் இருக்கும், வழி தவறுவது சாதாரணம். அப்போது வாய்க்காலைப் பாருங்கள். கனகராயன் ஆறு வடக்கே ஆனையிறவுக் களப்பை நோக்கி ஓடுகிறது. பெரிய வாய்க்கால்களும் பொதுவாக அந்தப் பக்கமே சரிகின்றன. நீர் போகும் திசையில் போனால் பரந்தன் பக்கம், நீருக்கு எதிரே போனால் குளம். சின்னக் கிளை வாய்க்காலில் இந்தக் கணக்கு பிழைக்கும், பெரியதைத்தான் நம்ப வேண்டும்.

மார்கழியில் இரணைமடுவின் வான் கதவுகள் திறந்திருக்கிற நாட்களில் பன்னங்கண்டிப் பக்கம் வேண்டாம். ஆற்றோரத் தாழ்வுகளில் நீர் ஏறும். வீதிக்கு மேல் நீர் ஓடும்போது முழங்கால் அளவுதான் என்று சைக்கிளை உருட்டிக்கொண்டு இறங்குவது பெரிய முட்டாள்தனம். சில்லின் அகலத்தில் நீர் தள்ளும்போது உங்களையும் சேர்த்தே தள்ளும்.

வவுனியா நகரில் வேலை. ஞாயிற்றுக்கிழமை அரை நாள்தான் கிடைக்கும். எந்தப் பக்கம் போகலாம்?
– வங்கி ஊழியர், வவுனியா

மன்னார் வீதியில் குருமன்காடு தாண்டி, நெளுக்குளத்தில் நேரியகுளம் வீதிக்குத் திரும்புங்கள். நகர நெரிசல் அங்கே விடும். உளுக்குளம் அருகே பாவற்குளம் வரும். அரை நாளுக்கு அதுவே எல்லை. குளக்கட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்த வழியே திரும்பலாம்.

முழு நாள் கிடைத்தால் நேரியகுளம் வழியே செட்டிகுளம் வரை போகலாம். வவுனியாவிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீற்றர். களைத்துப் போனால் செட்டிகுளத்தில் ரயில் ஏறலாம் என்று சிலர் திட்டம் போடுகிறார்கள். அந்தப் பாதை மதவாச்சிக்கும் தலைமன்னாருக்கும் இடையில் ஓடுவது, வவுனியாவுக்கு நேரே வராது. எனவே திரும்பும் 30 கிலோமீற்றருக்கும் காலில் பலத்தை மிச்சம் வைத்துக்கொண்டே போங்கள். பறயனாலங்குளம், பூவரசங்குளம், பம்பைமடு வழியாக வட்டமாகத் திரும்பவும் முடியும். வீதி நல்லது, ஆனால் மன்னார் பஸ்கள் வேகமாக வரும், தூரமும் கூடும்.

ஓமந்தை பக்கம் போகவே ஆசை என்றால் ஏ9 ஓரமாக 12 கிலோமீற்றர் அளவு போக வேண்டும். வெள்ளைக் கோட்டுக்கு வெளியே இடம் இருந்தாலும், அதிவேக பஸ் கடக்கும்போது வரும் காற்று பொதி கட்டிய சைக்கிளை ஆட்டும். நாம் அதைச் சிபாரிசு செய்வதில்லை.

எந்த மாதம் நல்லது? காற்றைப் பற்றி எல்லோரும் பயமுறுத்துகிறார்கள்.
– பல்கலைக்கழக மாணவர், அறிவியல்நகர்

பயமுறுத்துகிறவர்கள் சொல்வது சரி. வவுனியா கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 100 மீற்றர் உயரம். அங்கிருந்து வடக்கே ஆனையிறவு வரை நிலம் தாழ்ந்துகொண்டே போகிறது, ஆனால் அந்தச் சரிவு காலுக்குத் தெரியாது. காலுக்குத் தெரிவது காற்று ஒன்றுதான்.

தை மாதக் கடைசியிலிருந்து பங்குனி நடுப்பகுதி வரை முதல்தரம். மழை விட்டிருக்கும், குளங்கள் நிறைந்திருக்கும், கிறவல் இறுகியிருக்கும். ஒரே இடைஞ்சல் காலபோக அறுவடை. வெட்டு மெஷினும் நெல் மூடை ஏற்றிய உழவு இயந்திரமும் வயல் வீதிகளை நிறைக்கும். தார் வீதியில் பாதியை நெல் காயப்போட்டு மறித்திருப்பார்கள். அந்த நெல்லின் மேல் ஓட்டாதீர்கள். விவசாயிக்குச் சேதம் என்பது ஒரு பக்கம். தாரில் பரவிய நெல்மணி ரயருக்கு அடியில் உருளும், பிரேக் பிடித்தால் சைக்கிள் பக்கவாட்டில் போகும்.

சித்திரையில் வெக்கை, பின்னேரம் இடி. மதியத்துக்கு முன் வீடு வந்து சேருங்கள்.

வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை சோளகக் காற்று. தென்மேற்கிலிருந்து வரும். காட்டுக்குள் அவ்வளவு தெரியாது, வயல்வெளியிலும் களப்போரத்திலும் ஆளை நிறுத்தும். காலையில் அடக்கமாக இருந்து பத்து மணிக்குப் பிறகு எழும்பும். ஆகவே போகும்போது காற்றை எதிர்த்துத் தெற்கே அல்லது மேற்கே போங்கள், திரும்பும்போது முதுகில் வாங்குங்கள். பரந்தன் – பூநகரி வீதி இதற்குச் சரியான பாடம்: 25 கிலோமீற்றர் அளவு, நிழல் கிடையாது. பூநகரிக் கோட்டையும் சங்குப்பிட்டிப் பாலமும் பார்க்கக் காலை ஐந்தரைக்குப் புறப்பட்டால் சுகமாகத் திரும்பலாம். பத்து மணிக்குப் புறப்பட்டால் போகும் வழி பூராவும் நெஞ்சில் காற்று.

ஐப்பசி, கார்த்திகை, மார்கழி தார் வீதிக்கு மட்டும்.

வீட்டில் அப்பாவின் 28 அங்குலப் பெரிய சைக்கிள் இருக்கிறது. அது போதுமா, அல்லது கியர் சைக்கிள் வாங்க வேண்டுமா?
– வாசகி, ஒட்டுசுட்டான்

போதும். வாங்கப் போகும் காசில் கால்வாசியை இதற்குச் செலவழியுங்கள், நல்ல சைக்கிள் ஆகிவிடும்.

முதலில் ரயர். 28 × 1½ ரயரில் பின்னுக்கு 45 முதல் 50 பி.எஸ்.ஐ., முன்னுக்கு 40 அளவு காற்று போதும். றபர்க் குழாய் போட்ட பழைய வால்வில் அளவுமானி சரியாகக் காட்டாது. ஏறி இருந்து பார்க்கும்போது பின் ரயர் சற்றே பிதுங்கினால் சரி, கல்லு ஏறும்போது றிம் தட்டினால் காற்றுக் குறைவு. 26 × 1.95 ரயர் போட்ட மவுன்டன் சைக்கிள்காரருக்கு கிறவலில் பின் 35–40, முன் 30–35. கல்லுப் போல அடித்துக்கொண்டு போனால் கை மரக்கும், கரியர் ஆணியும் கழரும்.

இரண்டாவது, பின் பல்லுச்சில்லு. 18 பல் இருந்தால் 20 பல்லுக்கு மாற்றுங்கள். மிதி பத்திலொரு பங்கு இலகுவாகும், எதிர்காற்றில் முழங்கால் பிழைக்கும். பழைய செயினே பெரும்பாலும் போதும். பின் சில்லு 6 மில்லிமீற்றர் அளவு முன்னே வரும், அதற்கு இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிரேக் கட்டையையும் அதற்கேற்ப நகர்த்த வேண்டும். இதை மறந்துவிட்டுத்தான் பலர் பிரேக் றிம்மில் பாதி, ரயரில் பாதி உரச ஓட்டுகிறார்கள். ரயரின் பக்கம் அறுந்து போகும்.

மூன்றாவது, கரியர். கிறவல் வீதி அலை அலையாக எழும்பியிருக்கும் இடங்களில் முதலில் கழருவது கரியரின் கீழ் ஆணிகள். சுரை ஒவ்வொன்றின் கீழும் ஸ்பிரிங் வாஷர் போட்டு, உபரியாக இரண்டு ஆணி கொண்டு போங்கள். பொதி 10 கிலோவுக்கு மேல் வேண்டாம். பாரமான சாமானைக் கீழேயும் சீற்றுக்குக் கிட்டவும் கட்டுங்கள். பின் தள்ளிக் கட்டினால் ஹாண்டில் ஆடும்.

மட்காட்டுக்கும் ரயருக்கும் இடையில் ஒரு விரல் புகும் இடைவெளி இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒரு மழைக்கே களி அடைத்துச் சில்லு நின்றுவிடும்.

போகும் ஒவ்வொரு முறையும் இரண்டு ஒட்டு. முள்ளுக்கு என்ன செய்வது?
– உயர்தர மாணவன், மல்லாவி

எந்த முள் என்பதைப் பொறுத்தது. நெருஞ்சி குட்டை முள், வீதி ஓரத்திலும் குளக்கட்டிலும் படர்ந்திருக்கும். பழைய ரியூபை நீளவாக்கில் வெட்டி ரயருக்குள் உள்பட்டியாகப் போட்டால் பெரும்பாலும் நிற்கும். வெட்டிய விளிம்புகளை மண்தாளால் தேய்த்து மெல்லியதாக்குங்கள், இல்லாவிட்டால் அந்த விளிம்பே புது ரியூபை அராவும். உடை மரத்து முள்ளுக்கும் விடத்தல் முள்ளுக்கும் உள்பட்டி ஈடுகொடுக்காது. வேலிக்கு வெட்டிப் போட்ட கிளைகளைக் கண்டால் இறங்கித் தூக்கிக் கடப்பதே மருந்து.

இரண்டாவது ஒட்டு ஏன் வருகிறது என்றால், முதலாவது முள்ளின் நுனி ரயருக்குள் இருப்பதால். ரியூபில் ஓட்டையைக் கண்டதும் வால்விலிருந்து அது எவ்வளவு தூரம் என்று பார்த்து, ரயரில் அதே இடத்தைத் தேடுங்கள். உள்ளே பழந்துணியால் துடையுங்கள். நூல் சிக்கும் இடத்தில் முள் இருக்கும். விரலால் தடவினால் விரலில் ஏறும்.

ஒட்டுப் போடும் முறையிலும் அவசரம் கெடுக்கிறது. மண்தாளால் மினுக்கம் போகும்வரை தேயுங்கள், ஒட்டைவிடச் சுற்றிவர அரை அங்குலம் கூடுதலாக. சொல்யூஷனை மெல்லிய படலமாகப் பூசி ஐந்து நிமிடம் விடுங்கள். விரல் நகத்தின் பின்புறத்தால் தொட்டால் ஒட்டக் கூடாது, அப்போதுதான் ஒட்டை வைத்து நடுவிலிருந்து வெளியே அழுத்த வேண்டும். ஈரமாக இருக்கும்போது வைத்தால் மதிய வெயிலில் ரியூப் சூடாகி ஒட்டு தானாக எழும்பும். திறந்த சொல்யூஷன் குழாய் வீட்டிலேயே காய்ந்துவிடும், ஒவ்வொரு பயணத்துக்கு முன்னும் அமத்திப் பாருங்கள்.

பையில்: ஒரு புது ரியூப், ஒட்டுப் பெட்டி, இரண்டு லீவர், பம், பின் அச்சுச் சுரைக்கு ஏற்ற ஸ்பனர் (பெரும்பாலும் 15, சிலதுக்கு 14, வீட்டிலேயே போட்டுப் பாருங்கள்), வால்வு றபர் இரண்டு துண்டு.

யானை வந்தால்?
– இருவர் கேட்டிருக்கிறார்கள்: நெடுங்கேணி, துணுக்காய்

நெடுங்கேணி வாசகருக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியது குறைவு. மற்றவர்களுக்கு: சைக்கிள் சத்தம் போடாது, அதுதான் ஆபத்து. மோட்டார் சைக்கிள் வருவதை யானை தூரத்தில் அறிந்து ஒதுங்கும். நீங்கள் வளைவில் திரும்பும்போது இருவருக்கும் ஒரே நேரத்தில் திடுக்கிடும். எனவே பற்றை அடர்ந்த வளைவுகளுக்கு முன் மணி அடியுங்கள், கதைத்துக்கொண்டு போங்கள். யானையைக் கண்ட பிறகு ஒரு சத்தமும் வேண்டாம். நூறு மீற்றருக்கு மேல் விலகி நின்று, அது வீதியைக் கடந்து போகக் காத்திருங்கள். கடந்தது ஒன்று என்றால் பின்னால் இன்னும் வரலாம், கால் மணித்தியாலம் பொறுங்கள். தனிக் கொம்பனோ தனி அலியனோ (தந்தமில்லாத ஆண்) நின்றால் திரும்பிவிடுங்கள். ஓட்டி முந்தலாம் என்ற எண்ணம் வேண்டாம். யானை குறுந்தூரத்துக்கு மணிக்கு 25 கிலோமீற்றர் வேகத்தில் வரும், கிறவலில் நீங்கள் 15.

சூடான சாணம், புதிதாய் முறித்த கிளை, ஈரம் காயாத அடிச்சுவடு கண்டால் முன்னே போகாமல் நின்று, எதிரே வரும் ஆளிடம் விசாரியுங்கள். காட்டு வழிகளில் காலை ஏழுக்கு முன்னும் பின்னேரம் நாலரைக்குப் பின்னும் இருக்கக் கூடாது. ஆடி, ஆவணியில் சின்னக் குளங்கள் வற்றிப் போவதால் பெரிய குளங்களின் ஓரம் பின்னேரத்தில் யானைகளுக்கே சொந்தம்.

போன் வரைபடத்தில் காட்டுக்குள் குறுக்கு வழிகள் தெரிகின்றன. பின்பற்றலாமா?
– வாசகர், புதுக்குடியிருப்பு

வேண்டாம். மூன்று காரணம். வானிலிருந்து எடுத்த படத்தில் தெரியும் தடம் மரம் ஏற்றிய பழைய தடமாக இருக்கலாம், பாதியில் பற்றை மூடியிருக்கும். வன ஒதுக்கத்துக்குள் அனுமதி இல்லாமல் போவது குற்றம். சுண்டிக்குளமும் மடு வீதிப் பகுதியும் 2015 முதல் தேசியப் பூங்காக்கள். மூன்றாவதுதான் பெரிது: மிதிவெடி. அகற்றும் வேலை பல ஆண்டாக நடந்தும் இன்னும் முடியாத இடங்கள் உண்டு, முகமாலைப் பக்கம் போல. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையோ சிவப்புத் தடிகளோ கண்டால் வந்த தடத்திலேயே திரும்புங்கள். பலகை இல்லை என்பதற்காகவும் நம்ப வேண்டாம், பலகை விழுந்திருக்கலாம். வெள்ளத்துக்குப் பிறகு வெடிகள் இடம் மாறியும் கிடக்கும். இன்றைக்கும் உழவு இயந்திரமும் மாடும் போய்வரும் வழியில் மட்டும் ஓட்டுங்கள். சிறுநீர் கழிக்கக்கூட அந்த வழியை விட்டுப் பற்றைக்குள் இறங்காதீர்கள். மண்ணில் கிடக்கும் இரும்பு எதையும் தொட வேண்டாம்.

யாழ்ப்பாணத்திலிருந்து இரண்டு நாள் பயணம் வர யோசனை. ரயிலில் சைக்கிளைக் கொண்டுவரலாமா?
– நண்பர் நால்வர், கொக்குவில்

பயணிகள் பெட்டிக்குள் ஏற்ற முடியாது. பொதியாகப் பதிந்து பொதிப் பெட்டியில் ஏற்ற வேண்டும். எந்த ரயிலில் அந்த வசதி, அது மாங்குளத்தில் நிற்குமா என்பதை முதல் நாளே நிலையத்தில் கேளுங்கள். கடுகதிகள் எல்லா இடத்திலும் நிற்பதில்லை. நாலு சைக்கிளை ஒரே ரயிலில் எடுப்பார்கள் என்றும் எண்ண வேண்டாம்.

மாங்குளத்தில் இறங்கி ஏ34இல் கிழக்கே போங்கள். ஏ என்ற எழுத்தைக் கண்டு பயப்படத் தேவையில்லை, ஏ9 உடன் ஒப்பிட்டால் அது வெறிச்சோடிய வீதி. ஒலுமடு, கரிப்பட்டமுறிப்பு, ஒட்டுசுட்டான். தான்தோன்றீஸ்வரர் கோயிலடியில் இளைப்பாறி, வெயில் இறங்கியதும் முத்தையன்கட்டுக் குளத்துக்கு ஒரு கிளைப் பயணம் போய்த் திரும்புங்கள். பிறகு முள்ளியவளை, முல்லைத்தீவு. மாங்குளத்திலிருந்து நேர்வழி 50 கிலோமீற்றர் அளவு, குளத்தைச் சேர்த்தால் இன்னும் 15. வைகாசிப் பொங்கல் நாட்களில் வற்றாப்பளைக்கு வரும் கூட்டத்தில் வீதியும் தங்குமிடமும் நிறைந்துவிடும், தேதியைப் பார்த்து வாருங்கள்.

இரண்டாம் நாள் வட்டுவாகல், புதுக்குடியிருப்பு, விசுவமடு வழியே பரந்தன், அதுவும் 50 அளவு. வட்டுவாகலில் பழைய பாலம் ஒடுங்கியது, நந்திக்கடல் பக்கக் காற்றும் குறுக்கே அடிக்கும். எதிரே வாகனம் வந்தால் ஏறாமல் நின்று வழிவிடுங்கள். சோளக காலத்தில் இந்த இரண்டாம் நாள் முழுக்க முகத்தில் காற்று. அந்த மாதங்களில் வருவதானால் விடியவே புறப்பட்டு, காற்று எழும்ப முன் பெரும்பகுதியைக் கடந்துவிடுங்கள்.

தண்ணீர் எவ்வளவு கொண்டுபோக வேண்டும்?
– வாசகி, செட்டிகுளம்

ஒரு மணித்தியாலத்துக்கு முக்கால் லீற்றர் என்று கணக்குப் போடுங்கள். காட்டு வழியில் இரண்டு மணித்தியாலம் கடையே வராது, ஆகவே புறப்படும்போது 2 லீற்றர் கையில். குளத்து நீர் குடிக்க வேண்டாம், கிணற்று நீரும் பல இடங்களில் கடின நீர், ஊர்களில் ஆர்.ஓ. சுத்திகரிப்பு நிலையத்தில் நிரப்பலாம். வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே போனால் உப்புக் குறைந்து தலையிடியும் கால் பிடிப்பும் வரும். ஒரு ஜீவனி பக்கற்றை ஒரு லீற்றரில் கரைத்து இடையிடையே குடியுங்கள். இல்லாவிட்டால் ஒரு லீற்றருக்கு மட்டமாக ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. வியர்வை நின்று தோல் சூடாகி, ஆள் உளறத் தொடங்கினால் நிழலில் கிடத்தி நனைத்து விசுக்கி, 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம்.

மன்னார்ப் பக்கத்தை எப்போதும் விட்டுவிடுகிறீர்களே!
– ஆசிரியர், முருங்கன்

இம்முறை விடவில்லை. கட்டுக்கரைக் குளத்து வயல்களும், முருங்கனிலிருந்து நானாட்டான் வழியே அரிப்புக் கடற்கரையும் அருமையான ஒரு நாள் ஓட்டம். முதலில் வயல், பிறகு பனையும் பற்றையும், கடைசியில் கடல். அரிப்பில் ஆங்கிலேய ஆளுநர் பிரடெரிக் நோர்த் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய மாளிகையின் இடிபாடு மேட்டின் விளிம்பில் நிற்கிறது. மண் அரித்துக்கொண்டிருப்பதால் சுவருக்குக் கிட்டப் போக வேண்டாம்.

முருங்கன் களி காங்கேசன்துறைச் சீமெந்து ஆலைக்கே அள்ளிப்போன களி. அதன் மேல் மழை விழுந்த பிறகு வயல் வழியில் சைக்கிளை உருட்டக்கூட முடியாது, ஐம்பது மீற்றரில் இரண்டு சில்லும் பூட்டிக்கொள்ளும். தடியால் சுரண்டிப் பயனில்லை, நீர் ஊற்றிக் கழுவத்தான் வேண்டும். மழை விட்டு நாலு நாள் வெயில் எறித்த பின் போங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு அதே களி வெடித்துப் பிளக்கும். வீதிக்கு நீளவாக்கில் ஓடும் வெடிப்பில் முன் சில்லு மாட்டினால் ஹாண்டிலைத் திருப்ப முடியாது. கண் எப்போதும் பத்து மீற்றர் முன்னே இருக்கட்டும், வெடிப்பைச் சரிவாகக் கடக்காமல் குறுக்கே நேராகக் கடவுங்கள்.